வடக்குச் சன்னல் பக்கத்துப் பாதிப் பூ

அந்த ஒரு வரியை நான் எழுத மறந்தேனா, இல்லை எழுத வேண்டாம் என்று விட்டேனா? இரண்டு வருடத்துக்கு மேலாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் பாத்திரம் கழுவும்போது, மறந்துதான் போனேன் என்று தோன்றும். மத்தியானம் மகளைத் தட்டித் தூங்கவைக்கும்போது, அப்படி மறக்கிறவளா நீ என்று தோன்றும்.

வரி என்னவோ சின்னதுதான். ‘தரையில் படுத்து, மேலே பார்த்து வரைந்தது.’ ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்க வேண்டியது. அது இல்லாததால் ஒரு பழைய கட்டடத்தின் கூரை முழுவதும் இடம் வலம் மாறிக் கிடக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கட்டடக்கலை படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே எர்ணாகுளத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, பழுது பார்த்துக் கொடுப்பது அவர்கள் தொழில். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. கணவர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே. ‘சும்மா இருந்து என்ன செய்யப் போற, போயிட்டு வா’ என்று மாமியாரே சொன்னார்கள். திங்கட்கிழமை ரயிலேறினால் வெள்ளிக்கிழமை திரும்புவேன்.

அப்போது அலுவலகத்துக்கு வந்த வேலைதான் அந்த ஜெப ஆலயம். எர்ணாகுளத்துக்கு வடக்கே, ஆற்றங்கரையில் இருந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். மிளகு வியாபாரத்தோடு வந்து கேரளத்தில் தங்கிவிட்ட யூதர்கள் கட்டியது. அந்த ஊர் ராஜா இடம் கொடுத்தார் என்பார்கள். இஸ்ரேல் உருவான பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள் முறைப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் முழு வழிபாடு. பத்து எட்டாகி, எட்டு மூன்றாகி, கடைசியில் பூட்டுப் போட்டார்கள். பிறகு யாரோ கொப்பரை மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். யாரோ சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நாங்கள் கதவைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது வௌவால் நாற்றம்தான்.

ஆனால் நிமிர்ந்து பார்த்தால் பூ. மேல்தளம் முழுக்கச் சதுரம் சதுரமாகத் தேக்குப் பலகைகள். ஒவ்வொன்றிலும் செதுக்கிய ஒரு தாமரை, சிவப்பும் பச்சையும் பொன்நிறமுமாக. மேற்குச் சுவரில், வேதச்சுருள்களை வைக்கும் பேழை இருந்த இடம். எதிரே கிழக்குக் கோடியில், மாடியில், மரச்சல்லடைத் தட்டிக்குப் பின்னால் பெண்கள் உட்காரும் இடம். அவர்கள் ஏறிப் போகத் தனிப் படிக்கட்டு, தெற்குப் பக்கம். கட்டடத்தைப் பார்த்த முதல் நாளே இது என்னுடையது என்று எனக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அப்படி எதையும் நினைத்ததில்லை, கணவரைக்கூட.

கூரையின் உத்தரங்களைக் கரையான் தின்றிருந்தது. பலகைகளை எல்லாம் கழற்றியாக வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொன்றின் ஓரத்திலும் எண் ஒட்டி, எந்த எண் எந்த இடம் என்று ஒரு படம் வரைவது என் பொறுப்பு. அப்போது எனக்கு ஐந்தாவது மாதம். அண்ணாந்து நின்றால் தலை சுற்றியது. அதனால் ஒரு கோரைப்பாயை விரித்து, பேழைப் பக்கம் தலைவைத்து மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணில் தெரிந்தது தெரிந்தபடி வரைந்தேன்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். பேழையைப் பார்த்து நின்றால் வடக்குச் சுவர் வலக்கைப் பக்கம் இருக்கும். பேழைப் பக்கம் தலைவைத்து மல்லாந்து படுத்தால் அதே வடக்குச் சுவர் இடக்கைப் பக்கம் வந்துவிடும். வேண்டுமானால் உங்கள் வீட்டு ஹாலிலேயே படுத்துப் பாருங்கள். அதனால்தான் எங்கள் தொழிலில் கூரையை ஒருபோதும் படுத்துப் பார்ப்பதுபோல வரைவதில்லை. தரையில் கண்ணாடி விரித்து, அதில் கூரை தெரிவதுபோலத்தான் வரைவோம். அப்போதுதான் தரைப்படமும் கூரைப்படமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். முதல் வருடப் பாடம் இது. அலுவலகத்துக்குப் போய்த் திருப்பி வரைந்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பக்கத்தின் மேலே ‘பேழை’ என்று மட்டும் எழுதினேன். திசைக்குறி போடவில்லை.

அந்த வாரம்தான் ஒரு வயதான அம்மா மகளோடு இஸ்ரேலிலிருந்து வந்திருந்தார்கள். அந்த அம்மா சிறுமியாக இருந்தபோது அந்த ஊரைவிட்டுப் போனவர்கள். மலையாளம் மறக்கவில்லை. மாடிக்கு ஏற முடியாமல் கீழேயே நின்றுகொண்டு கையை நீட்டிக் காட்டினார்கள். மாடியில் வடக்குச் சன்னலுக்கு மேலே ஒரே ஒரு தாமரை மட்டும் பாதி வண்ணத்தோடு நின்றிருந்தது. மீதி வெறும் மரம்.

“அந்தப் பூவின் கீழேதான் என் அம்மை இருப்பாள். ஆற்றுக்காற்று அங்கேதான் வரும்” என்றார்கள். யூதர்களின் ஆதிக் கோயில் எந்தக் காலத்திலோ இடிக்கப்பட்டதை மறக்காமலிருக்க, கட்டும் வீட்டில் ஒரு சிறு இடத்தை முடிக்காமல் விடுவது அவர்கள் வழக்கமாம். அதனால் அப்படி விட்டது என்று அவர்கள் அம்மா சொல்வாராம். “பெயிண்டருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று என் அப்பன் சொல்லும்” என்று சிரித்தார்கள். நான் அந்தப் பலகையின் எண்ணைச் சுற்றி நோட்டில் ஒரு வட்டம் போட்டேன். முப்பத்தொன்று.

ஏழாவது மாதம் டாக்டர் பயணம் கூடாது என்றார். அலுவலகம் என் இடத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பியது. என் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் இளையவள், ஆலங்குளத்துக்காரி. நோட்டை வாங்கிக்கொள்ள எங்கள் வீட்டுக்கே வந்தாள். பை நிறைய மாதுளம்பழம், கையில் ஒரு டேப்லட். வெட்டிய நகம், தட்டையான வயிறு, ஓடுவதற்கு ஏற்ற செருப்பு. எனக்குக் கால் வீங்கி, கணவரின் ரப்பர் செருப்பில்தான் நுழைந்தது.

“அக்கா, ஒண்ணும் கவலைப்படாதீய. ஒங்க நோட்ட வச்சுக் கண்ண மூடிட்டு வேல பாத்துருவேன்” என்றாள்.

மாமியார் அவளுக்கு இரண்டாவது முறை காபி கொண்டுவந்தார்கள். “எங்கனட்டி தங்குத? ராத்திரி தனியா பயமா இல்லியா? பாரு, இந்தப் பிள்ளைக்கு என்னா தைரியம்!” என்று என்னைப் பார்த்தார்கள். நானும் இரண்டு வருடம் தனியாகத்தான் தங்கினேன். அதை இவர்கள் தைரியம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நோட்டைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கமாக விளக்கினேன். சுண்ணாம்புக் காரைக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் எத்தனை நாள் ஊற வேண்டும், எந்தச் சுவரில் ஈரம், எந்த உத்தரம் இன்னும் தாங்கும். கூரைப் பக்கம் வந்தது. “இதுதான் எண் போட்ட படம்” என்று சொன்னேன். அதற்குமேல் என்ன சொன்னேன்? நினைவில்லை. என் விரல் அந்தப் பக்கத்தில் ஒரு நொடி நின்றது மட்டும் நினைவிருக்கிறது. குழந்தை உதைத்ததாலா, வேறு எதற்கா என்றுதான் தெரியவில்லை.

பிறகு மகள் பிறந்தாள். பால், துணி, தடுப்பூசி, காய்ச்சல். தலையை நிமிர்த்தினாளா, குப்புற விழுந்தாளா, இந்த வயதில் இத்தனை வார்த்தை பேச வேண்டுமாமே என்று ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். நடுவில் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில், என் இடத்துக்குப் போனவள் வாட்ஸ்அப்பில் வைக்கும் படங்களைப் பார்ப்பேன். பச்சைப் பெயிண்டைச் சுரண்டி எடுத்த சுவர். கதவு வைத்த சன்னல். சாரத்தின் மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவள். விரலால் பெரிதாக்கி, அவள் முகத்தைத் தாண்டிப் பின்னால் உள்ள சுவரைப் பார்ப்பேன். என் வீட்டில் வேறொருத்தி பெட்டி படுக்கையோடு வந்து குடியேறிவிட்டதுபோல இருக்கும். ‘அருமை’ என்று அனுப்பிவிட்டு, போனைத் தலையணைக்கடியில் வைத்துவிடுவேன்.

மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. கழற்றிய பலகைகளைச் சரிசெய்யும் வேலை செங்கோட்டையில் ஒரு தச்சுப் பட்டறைக்கு வந்தது. பழைய தேக்கில் ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரி அங்கேதான் இருந்தார். அவளும் லாரியோடு வந்து, குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கினாள். “அக்கா, நீங்க வந்து பாக்கணும், ஒங்க பூவெல்லாம் வந்திருக்கு” என்று கூப்பிட்டாள். ‘ஒங்க பூ’ என்றதும் மனம் இளகிவிட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பட்டறை முழுக்கத் தாமரைகள் சுவரில் சாய்ந்து நின்றன. மகள் மரச்சுருளை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். ஆலங்குளத்துக்காரி என்னை ஒரு தூணின் பக்கம் அழைத்துப் போனாள். தூணில், என் நோட்டைப் பார்த்து அவள் கணினியில் வரைந்த கூரைப்படம் ஒட்டியிருந்தது. கோடு ஒவ்வொன்றும் முடிபோல மெலிதாக, அழகாக. என் கையால் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. மூலையில் ஒரு திசைக்குறி.

நான் தேடியது முப்பத்தொன்றை. அது படிக்கட்டுப் பக்கம், தெற்கே இருந்தது.

பார்த்தவுடன் புரிந்துவிட்டது. என் படத்தை, எல்லோரும் வரைவதுபோல வரைந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். இடது வலதாகிவிட்டது. வாயைத் திறந்துவிட்டேன். “ஏ, இந்தப் படம்...” என்றுகூட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவளுடைய அக்கா, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“ஒங்க தங்கச்சி கெட்டிக்காரி, கேட்டோ. இவ வந்த பொறவுதான் வேலை ஓடுது. முன்னால ஒருத்தி இருந்தாளாம். வயித்துப் பிள்ளைக்காரி. பாயை விரிச்சு எப்பவும் படுத்தே கெடப்பாளாம்! சம்பளம் வாங்கிட்டு ஒறங்கிட்டுப் போயிருக்கா!” பட்டறைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

“அண்ணாச்சி, சும்மா இரிங்க!” என்று அவள் பதறினாள். முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அதை நான் பார்த்தேன். பார்த்ததாகத்தான் இன்றும் நினைக்கிறேன்.

“அக்கா, என்னமோ சொல்ல வந்தீயளே?”

“படம் ரொம்ப அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்.”

“பலகையெல்லாம் ஒரே அளவுதான்” என்றார் ஆசாரி, என் மகள் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்தபடி. “எங்கன வச்சாலும் உக்காரும்.”

அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கே வைத்தாலும் உட்காரும். பூ பூதானே.

மறுநாளே மனசு கேட்கவில்லை. சாரல் தொடங்கியிருந்தது. அவள் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். “வாங்கக்கா, குளிச்சிட்டு வருவோம்” என்று மெயினருவிக்கு இழுத்துப் போனாள். பெண்கள் பக்கம் வரிசை நீளமாக இருந்தது. போலீஸ்காரம்மா விசில் ஊதிக்கொண்டே “ஏம்மா, நின்னது போதும், நகருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் தலையில் எண்ணெய் வழிய உள்ளே போய்த் தண்ணீருக்கடியில் நின்றாள். விசில் சத்தத்துக்கு அசையவேயில்லை. குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நான் ஓரத்திலேயே நின்றேன். கணுக்கால்வரை நனைந்தேன்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து சொன்னாள். “இந்த வேல நல்லபடியா முடிஞ்சாத்தான்க்கா என்னை நிரந்தரமாக்குவாவ. வீட்ல மாப்பிள்ள பாத்துட்டே இருக்காவ. வேல நெலச்சிட்டுன்னு சொன்னா ஒரு வருசம் தள்ளிப்போடலாம். இல்லன்னா ஒங்கள மாதிரி...” என்று நிறுத்தி, “இல்லக்கா, தப்பா எடுத்துக்காதீய” என்றாள்.

‘ஒங்கள மாதிரி’ என்றதற்கு மேல் என் காதில் எதுவும் ஏறவில்லை. மகள் அவளிடம் தாவிப் போய், ஈர முடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். என்னிடம் திரும்பி வரச் சொன்னால் தலையாட்டி மறுத்தாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

அந்த நாளை இப்போது நினைத்தால் இரண்டு விதமாகவும் வாதாட முடிகிறது. சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்கும், அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடினேன் என்று ஒன்று. எண்ணைத் திருத்தி அச்செடுக்க ஒரு மணி நேரம் போதும், அப்போது பலகை ஒன்றுகூட மேலே ஏறியிருக்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது, நீ அவளைக் கைவிட்டாய் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பலகைகள் ஆரியங்காவு வழியாகத் திரும்பிப் போயின. கூரை ஏறியது. திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மகளுக்குப் பேதி, போகவில்லை. பேதி நின்ற மறுநாள்தான் விழா. அதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் படம் வந்திருந்தது. கூரையை அண்ணாந்து பார்க்கும் அவள். மாமியார் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“ஏட்டி, அந்த மாதுளம்பழம் கொண்டாந்த பிள்ளைல்லா இது! ஒன் பேரு எங்கன போட்டிருக்கான்?”

“நான் பாதியில விட்டவ அத்தை. என் பேரை எப்படிப் போடுவாங்க?”

“நீ எங்கட்டி விட்ட? பிள்ளய உண்டானதுக்கு அவனுவதான் ஒன்ன விட்டுட்டானுவ. சவத்துப் பேப்பரு” என்று அதை மடித்து, முருங்கைக்கீரை ஆய எடுத்துப் போய்விட்டார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது அன்றைக்குத்தான். ஆனால் அவர்களிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் அவள் போன் செய்தாள். இரண்டு செய்தி. முதலாவது, பண்பொழிப் பக்கம் ஒரு பழைய சத்திரத்தை அளக்கும் வேலை அலுவலகத்துக்கு வருகிறது. வீட்டிலிருந்தபடியே நான் வரைந்து கொடுக்கலாம் என்று என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். “ஒங்கள மாதிரி வரைய ஆளே இல்லன்னு சொல்லிட்டேன்க்கா.” ‘ஒங்கள மாதிரி’ இந்த முறை வேறு மாதிரி வந்தது. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இவள் யார் எனக்கு வேலை வாங்கித் தர என்றும் ஒரு எரிச்சல் வந்தது. அதை என்னால் மறைக்க முடியாது.

இரண்டாவது செய்தி அந்த வயதான அம்மாவைப் பற்றியது. வரும் மாதம் மகளோடும் பேத்தியோடும் வருகிறார்கள். இந்த முறை எப்படியாவது மாடி ஏறப் போகிறார்களாம். அவர்கள் அம்மா உட்கார்ந்த இடத்தில் பேத்தியை உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம்.

“அந்தப் பாதிப் பூ படிக்கட்டுப் பக்கம் இருக்குல்லாக்கா? அங்கன ஒரு பெஞ்சு போட்டு வைக்கச் சொல்லிருக்கேன். அவங்க மெயில்ல என்னமோ காத்து வரும், சன்னல்னு எழுதிருக்காவ. படிக்கட்டுப் பக்கம் சன்னலே கெடயாது. வயசாயிட்டுல்லா, கொழம்பிட்டாவ போல. ஒங்க நோட்டுல அதச் சுத்தி வட்டம் போட்டிருக்கீயளே, ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?”

“பாத்துச் சொல்லுதேன்” என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? நோட்டு அவளிடம் இருக்கிறது. மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

பொறாமை என்ற சொல்லை இதுவரை எழுதாமலே வந்துவிட்டேன். எழுதிவிடுகிறேன். அவளுடைய செருப்பின்மேல், அவள் கோட்டின்மேல், அருவியில் அவள் நின்ற அந்தப் பத்து நிமிடத்தின்மேல், அவள்மேல் வீசும் அந்தக் கட்டடத்தின் சுண்ணாம்பு வாசனையின்மேல் எனக்குப் பொறாமை. அந்தக் கூரையில் ஒரு தவறு இருப்பதும் அது எனக்கு மட்டுமே தெரிவதும்தான் அந்தக் கட்டடத்தில் எனக்கு மிஞ்சிய சொத்து என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன். வெட்கப்பட்ட பிறகும் அப்படி நினைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த அம்மா கஷ்டப்பட்டு மாடி ஏறி, காற்று வராத மூலையில் நின்று, தன் ஞாபகம்தான் தப்பு என்று நம்பிவிடுவார்களே. அவர்கள் அம்மாவைப் பற்றி மிச்சமிருக்கிற ஒன்றை நான் அவர்களிடமிருந்து பிடுங்கிவிடுவேன். இதை மட்டும் என்னால் எந்தப் பக்கம் வாதாடியும் சமாளிக்க முடியவில்லை.

கூரை முழுவதையும் மறுபடி கழற்றச் சொல்ல முடியாது. முப்பத்தொன்றாம் பலகையையும் அதற்கு நேர் எதிரே வடக்கே இருக்கும் பலகையையும் மட்டும் மாற்றிப் பொருத்தலாம். ஆசாரிக்கு ஒருநாள் வேலை. ஆனால் ஏன் என்று கேட்பார்கள். நோட்டில் குறிக்காமல் விட்டேன் என்று நான் சொல்ல வேண்டும். அது போதுமா? பட்டறையில் பார்த்தும் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டுமா? முதலாவதை அவள் மன்னித்துவிடுவாள். இரண்டாவதைக் கேட்டபின் என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவாளா தெரியவில்லை. அலுவலகம் அவளையும் சும்மா விடாது. என் பழைய வரைபடத்தைச் சரிபார்க்காமல் விட்டது அவள் குற்றம் என்பார்கள். இப்போதுதான் அவளை நிரந்தரமாக்கியிருக்கிறார்கள்.

இதைப் படித்தால் இது யார் எழுதியது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். நேரில் சொல்லப் பயந்துகொண்டு அதற்காகத்தான் இதை எழுதுகிறேனோ என்றும் ஒரு சந்தேகம்.

அந்த அம்மா வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உங்களில் யாருக்காவது கூட வேலை பார்த்தவளிடம் இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்திருக்கிறதா? மறந்துபோனேன் என்று பாதியைச் சொல்லி, பலகையை மாற்றிவிட்டு, மீதியை என்னோடு வைத்துக்கொள்ளலாமா? இல்லை, அவள் கொடுக்கும் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே முழுவதையும் சொல்லிவிட வேண்டுமா? சொல்வதென்றால் முதல் வாக்கியம் எது? எழுதுங்கள். தயவுசெய்து மூன்று வாரத்துக்குள் எழுதுங்கள்.